சிகாகோ நடவு

“உங்க மகனோட பாஸ்போர்ட்டைக் காட்டுங்க.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா பஸ்ஸிலேயே கெஞ்சியிருந்தார். பண்ணையார் அமிர்தலிங்கத்தின் வாசலில் ஆறு பேர் அரிவாளோடு நின்றார்கள். இருந்தும் கேட்டுவிட்டேன்.

“எதுக்கு?” என்றார் பண்ணையார்.

“எங்கம்மா குத்தகை நிலத்தைப் பிடுங்க, ஜூன் பத்தாம் தேதி மத்தியானம் உங்க மகனே அதுல நடவு போட்டாருன்னு கோர்ட்ல எழுதிக் கொடுத்திருக்கீங்க. அன்னைக்குக் காலையில அவரு சிகாகோவிலேருந்து போன் பண்ணினதா ஊரெல்லாம் நீங்கதான் சொன்னீங்க. பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல! ப்ளேன்ல வரவே ஒரு நாள் ஆகும். மத்தியானத்துக்குள்ள வலங்கைமான் வயல்ல எப்படிங்க எறங்கினாரு?”

“வக்கீலுக்குப் படிச்ச திமிரா? கண்ணால பாத்த சாட்சி இருக்கு. படி!”

சாட்சி எழுதிய காகிதத்தை வீசினார். அடியில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. வீரையன். அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

பின்னால் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“கையெழுத்துப் போடலேன்னா உன் மகளை வெட்டிடுவோம்னாங்கம்மா,” என்றார் அப்பா.

பயம் போகவில்லை. ஆனாலும் அரிவாள்களுக்கு நடுவே வெளியே நடந்தேன். நாளைக்குக் கோர்ட்டில் அம்மாவின் வக்கீல் நான். சாட்சிக் கூண்டில் நிற்கும் அப்பாவிடம், ‘நீங்க சொல்றது பொய்தானே?’ என்று கேட்கப்போகிறேன்.