வெயில் எந்தப் பக்கம்?

"இன்னிக்கு தவசிமுத்து கேக்கப்போற மொத கேள்வி இன்னாவா இருக்கும், சொல்லு பாப்போம்" என்றான் ஹென்றி.

"வெயிலு முதுகுக்குப் பின்னாடி இருக்கணுமா, மூஞ்சிக்கு எதிர்ல இருக்கணுமா?" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஒரு டீ பந்தயம்."

"பந்தயம் கட்டி நான் தோக்கணுமா? அதையேதான் கேப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ராயபுரம் கடற்கரையில் இழுத்துப் போட்ட படகுகளுக்குப் பக்கத்தில் கூடுகிற போட்டோ கிளப் அது. ஃபிலிம் சுலபமாகக் கிடைக்காத காலம். மாதம் ஒரு ரோல் கிடைத்தால் பெரிது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ஹென்றிதான் சொல்லிக்கொடுப்பவன். ஃப்ளோரன்ஸ் நர்ஸ். இன்னும் நாலைந்து பேர்.

ஓரமாக உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர் அருள்பிரகாசம். கப்பல்களுக்குத் துரு தட்டுகிற மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவது பூசைக்கும் கடைக்கும் இந்தக் கிளப்புக்கும்தான்.

தவசிமுத்து சைக்கிளில் வந்து இறங்கினான். மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவன். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். வழக்கம்போல அருள்பிரகாசத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

ஹென்றி ஆரம்பித்தான். "இன்னிக்கு மனுசங்க மூஞ்சி. வெயில முதுகுக்குப் பின்னாடி வெச்சிக்கோங்க. மூச்ச அடக்கிக்கினு மெதுவா அமுக்குங்க. அவ்ளோதான்."

"வெயிலு எந்தப் பக்கம் இருக்கணும் அண்ணாச்சி?"

ஃப்ளோரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பத்தானேய்யா சொன்னேன்."

"மறந்து போச்சு. இன்னொரு மட்டம் சொல்லுங்களேன்."

ஹென்றிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

"முதுகுக்குப் பின்னாடி. முதுகு இன்னான்னு தெரியுமா உனுக்கு?" தன் முதுகிலேயே ஓங்கித் தட்டிக் காட்டினான்.

அருள்பிரகாசமும் சிரித்துக்கொண்டே எழுந்து, வெயில் முதுகில் படும்படி நின்றுகொண்டார்.

"மூச்ச விடணுமா, அடக்கணுமா அண்ணாச்சி?"

"அடக்கணும். படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் அடக்கணும். அதுக்கப்புறமும் நீ அடக்கிக்கினே இருந்தா எனுக்கு ரொம்ப சந்தோசம்."

மாதக்கணக்கில் இதே கதைதான். ஹென்றி எதைச் சொல்லி முடித்தாலும் தவசிமுத்து அதையே திருப்பிக் கேட்பான். ஹென்றி கத்துவான். அன்றைக்கு அவனால் பொறுக்க முடியவில்லை. கத்தக்கூடத் தெம்பில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னான்.

"இது இன்னா கிளப்பா, ஒண்ணாங்கிளாஸா? வாரா வாரம் தொண்டத் தண்ணி வத்துது. இவன் வேணும்னே என்னைக் கிண்டல் பண்ணிக்கினு கீறான். ஒண்ணு இவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." மூச்சு வாங்கியது. அதே தணிந்த குரலில் முடித்தான். "இவன் வேணாம்ன்றவங்க கைய தூக்குங்க."

ஃப்ளோரன்ஸ் தயங்கித் தயங்கித் தூக்கினாள். மற்றவர்களும் தூக்கினார்கள். அருள்பிரகாசம் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு தானும் கையைத் தூக்கினார்.

"பாத்தியா? வாரா வாரம் உன் பக்கத்துல குந்துற மாமுவே கைய தூக்கிட்டாரு."

தவசிமுத்து அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி அண்ணாச்சி" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு கிளப்பில் நிம்மதி. ஒரு தடவை சொன்னால் போதும், யாரும் குறுக்கே கேட்பதில்லை. ஹென்றி குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வரவில்லை. படகு நிழலில் எடுக்கும்போது லென்ஸ் ஓட்டையைப் பெரிதாகத் திறக்க வேண்டும் என்ற புதுப் பாடத்தையும் மெதுவாகவே சொல்லி முடித்தான்.

அடுத்த மாதம் படங்கள் கழுவி வந்தன. அருள்பிரகாசம் எடுத்ததில் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. எல்லாம் கறுப்பு.

"இன்னா மாமு, இத்தினி நாளா நல்லாத்தானே எடுத்துக்கினு இருந்தீங்க. நெழல்ல ஓட்டையத் தெறக்காமலா எடுத்தீங்க?"

"ஆமாப்பா, நல்லா கீது" என்றார் அவர். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் முகம் சுருங்கியது. படங்களைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அதோடு சரி. ஃப்ளோரன்ஸ் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாள். வயதாகிவிட்டது, இதெல்லாம் இனி தனக்கு வராது என்று கதவைச் சாத்திக்கொண்டாராம்.

சர்க்கரை வாங்க மார்க்கெட் பக்கம் போன ஹென்றிக்கு வேறு கடை திறந்திருக்கவில்லை. தவசிமுத்துவின் கடையில் முறைப்பாகவே நின்றான்.

தவசிமுத்து நிறுத்துக்கொண்டே கேட்டான். "அருள்பிரகாசம் ஐயா சுகமா இருக்காகளா? கடைப் பக்கமும் காணோம்."

"அவரு கிளப்புக்கே வர்றதில்ல" என்ற ஹென்றிக்குப் பழைய கோபம் பொங்கியது. "ஏன்யா, உனுக்கு எதிரா கைய தூக்குன ஆள இன்னாத்துக்கு விசாரிக்கிற? எங்க எல்லாரையும் குத்திக் காட்டறியா?"

"எதுக்குக் கை தூக்குறோம்னு அவருக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"இன்னா சொல்ற?"

"துரு தட்டித் தட்டியே ரெண்டு காதும் மந்தமாயிட்டு. நான் வெலை சொன்னா என் வாயத்தான் பாப்பாரு. வெளிய சொல்ல அவருக்கு வெக்கம். நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடல."

ஹென்றி கையிலிருந்த காசைக் கல்லாவின் மேல் வைத்தான்.

"அப்ப நீ வாரா வாரம்..."

"எனக்கு மொத தடவையே புரிஞ்சு போச்சு அண்ணாச்சி. நீங்க மெதுவாப் பேசினா அவருக்குக் கேக்காது, கோவத்துல கத்துனாத்தான் கேக்கும். அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."