மேற்குச் சுவரோரம் ஒரு மேடு

“இதேதான்! எங்க பாட்டனுக்குப் பாட்டன் இங்கதான் இருக்கார்!” அந்த அம்மாள் அப்படியே புல்லில் மண்டியிட்டாள். பின்னால் நின்ற கல்லறைக் காவல்காரரின் கண்கள் கலங்கிவிட்டன.

கப்பலேறி வந்து, இந்த ஊரில் முதல் தோட்டம் போட்ட துரை அவர். அவரைத் தேடி மூன்று நாடுகளில் ஏடு புரட்டிவிட்டு, துரைமார் கல்லறைக்கு வந்திருந்தாள். ‘மேற்குச் சுவரோரம்’ என்பதுவரை பதிவேட்டில் இருந்தது. மிச்சத்தைக் கரையான் தின்றுவிட்டது. சுவரோரம் பெயரில்லாமல் இருந்தது இந்த ஒரு மேடுதான்.

“என்னய்யா, சரிதானே?” என்றார் கூட வந்த அதிகாரி. “இந்தக் கல்லறைத் தோட்டத்தை மூடி எழுபது வருஷமாச்சு. வெளியாளை எவனாவது புதைச்சிருந்தா, தோண்டி வெளியில போட்டுட்டு உன் சீட்டையும் கிழிச்சிடுவேன், ஆமா.”

காவல்காரர் அவசரமாகத் தலையாட்டினார். “துரைதாங்க ஐயா.”

“அவர் ஆறடின்னு எழுதியிருக்கே. மேடு இத்துனூண்டு இருக்கு?” என்றாள் அம்மாள்.

“மழையில கரைஞ்சிடுச்சும்மா.”

“நூத்தம்பது வருஷத்துல துரையே கரைஞ்சிருப்பார், மேடு எம்மாத்திரம்!” அதிகாரி தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டார்.

தலைமாட்டில் இருந்த பூச்செடியை அவள் தடவினாள். “யாரு இவ்வளவு அருமையா பாத்துக்கறது?”

“என் சம்சாரம்மா.”

அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு நான் என்ன கைமாறு செய்வேன்! நாளைக்கே கல்லு வந்திடும். எட்டு ஆள் தூக்குற பளிங்குக் கல்லு. அவர் பேரை வெட்டி, மேல போட்டு மூடிடறேன்.”

“வேணாம்மா... செடி இருக்கு...”

“பிடுங்கிப் போட்டா தீர்ந்தது,” என்றார் அதிகாரி.

கார் போய்விட்டது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் காவல்காரர் மேட்டருகே உட்கார்ந்திருந்தார்.

மரத்தின் மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அவர் மனைவி குடத்தோடு வந்தாள். அவரைத் திட்டவில்லை. எப்போதும்போலச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அந்த மண்ணைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அம்மாம் பெரிய கல்லை நம்ம பாப்பா தாங்குவாளா?”