இடது விலா

நுனியில் சுண்ணாம்பு தோய்த்த சிலம்பக் கம்போடு சங்கரி மறுபடியும் ஓர் எட்டு சாய்வாக நகர்ந்தாள். பேச்சியம்மாளின் கறுப்புப் பனியனில், இடது விலாவின் மேல் ஐந்தாவது வெள்ளைப் புள்ளி பட்டும் படாமலும் விழுந்தது. நேரே வந்த வீச்சில் இரண்டு மட்டும் நெஞ்சில் பட, மற்றதையெல்லாம் அநாயாசமாகத் தட்டிவிட்டவள், இந்த ஐந்தில் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை. சங்கரி இன்னும் ஓர் எட்டு வைத்தாள். இந்த முறை வீசவில்லை. கம்பின் நுனியை அவளுடைய இடது கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இமை அசையவில்லை.

"ஏட்டி, எங்க போயிட்ட? முன்னால வா," என்றாள் பேச்சியம்மாள், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

சங்கரி முன்னால் வந்தாள். நாளை மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும்தான். ஜெயிப்பவள் மட்டும் மாநிலப் போட்டிக்குப் போவாள்.

பயிற்சி முடிந்ததும், வழக்கம்போல் புள்ளிகளை எண்ணுவதற்காகப் பேச்சியம்மாள் கைகளை விரித்து நின்றாள்.

"எத்தனை பட்டிருக்கு? எந்தப் பக்கம்?"

சங்கரி துண்டை நனைத்து, வேர்வையைத் துடைப்பதுபோல அவளுடைய இடது விலாவை அழுத்தித் துடைத்தாள்.

"ரெண்டுதான்," என்றாள். "ரெண்டும் நெஞ்சுல."