காக்கா வந்த படம்

“காரியம் நடக்கிற வீட்டைப் பார்த்து போட்டோ புடிக்கிறியே மாமா, உனக்கே நல்லா இருக்குதா?”

மஞ்சு போட்ட சத்தத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பக்கத்து வீட்டு முரளிதரன் கேமராவைச் சட்டென்று இறக்கினான்.

“வீட்ட எடுக்கலம்மா. உங்க பப்பாளி மரத்துல குருவி...”

“இன்னிக்குக் கூடவா குருவி? எங்க நைனாவுக்கு இலை போட்டு எவ்ளோ நேரமாச்சு! நீ இப்படி மூஞ்சில கேமராவ மாட்டிக்கினு நின்னா எந்தக் காக்கா வரும்?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விடிந்ததிலிருந்து நகரியில் மழை மூட்டம். கொல்லையில் வைத்த படையல் இலையில் சோறு, வடை, வாழைப்பழம் எல்லாம் வைத்தது வைத்தபடி கிடந்தன. கா கா என்று கூப்பிட்டே ஆண்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காக்கா எடுக்காமல் பந்தி போட முடியாது. புத்தூரிலிருந்து வந்த சொந்தங்கள் பஸ் நேரத்தைப் பற்றி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மஞ்சுவின் அம்மா ஜெயம்மாவின் கவலை வேறு. புருஷனின் கடைசி நாளில், சாப்பாட்டு நேரத்தில் அவரோடு சின்ன வாய்த்தகராறு. தட்டைத் தள்ளிவிட்டுப் போன முனிரத்தினம், தறிக்கூடத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

“பசியோட போனவரு. அவரு வந்து எடுக்காம நான் பச்சத் தண்ணி தொடமாட்டேன்” என்று ஜெயம்மா உள்ளே போய்க் கொல்லைப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ நானும் துன்னல.” மஞ்சுவும் வயிற்றுப் பிள்ளையோடு பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தூறல் வலுத்தது. எல்லோரும் முன்பக்கம் ஒதுங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் முரளிதரன் கத்தினான். “அக்கா! ஓடியாங்க! காக்கா எடுத்துடுச்சு!”

இலையில் பழம் கொத்தப்பட்டிருந்தது. கேமராவை நீட்டினான். படம் முழுக்க மணல் தூவினது போலப் புள்ளி. நடுவில் கறுப்பாக ஒரு பறவை, இலைமேல் குனிந்தபடி கலங்கித் தெரிந்தது.

மஞ்சுவின் புருஷன் ஹரிபாபு சிரித்தான். “இவ்ளோ பெரிய கேமரா வெச்சிக்கினு ஒரு காக்காவ ஒழுங்கா எடுக்கத் தெரியலையே!”

“வெளிச்சமே இல்ல. கையில புடிச்சு எடுத்தா ஆடத்தான் செய்யும்” என்றான் முரளிதரன். ஆடிப்போன படத்தை யார் கண்ணிலும் காட்டாத ஆள் அவன்.

ஜெயம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

“வந்துட்டாரு. இலையப் போடுங்க.”

அவள் முதல் வாய் வைத்த பிறகு மஞ்சு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு தன் வீட்டில் முரளிதரனின் மனைவி ஸ்ரீதேவி கேமராவில் அடுத்த படத்தைத் தள்ளினாள். “இது கண்ணாடி மாதிரி இருக்குதே! இதக் காட்டக்கூடாதா?” என்றவள் குனிந்து பார்த்தாள். “என்னாங்க இது, கண்ணு செவப்பா இருக்குது?”

“காக்கா இல்ல, ஆண் குயிலு. பழத்துக்கு வந்துச்சு.” படத்தை அழித்தான். செத்தவர் பேரில் பொய் சொல்லிவிட்டோமே என்று மனசு குத்தியது.

சாயந்திரம் சொந்தங்கள் கிளம்பின பிறகு ஜெயம்மா மதிலோரம் வந்தாள்.

“தம்பி, அந்த நல்ல படத்த அழிச்சிட்டியா?”

“எந்தப் படம்க்கா?”

“குயிலு தெளிவா தெரியறது. மஞ்சு கண்ணுல பட்டுடப் போவுது. குயிலு எறங்குனதையும் நீ மறுபடி மறுபடி எடுத்ததையும் நான் ஜன்னல்லேந்து பார்த்துக்கினுதான் இருந்தேன்.”

“தெரிஞ்சேவா துன்ன, அக்கா?”

“உங்க மாமாவுக்கு எம்மேல கோவம் இன்னும் தீரல, தம்பி. அது எங்கூடவே இருக்கட்டும். நான் துன்னாதானே அந்தப் புள்ளத்தாச்சி துன்னுவா?”