முறைப்பாட்டில் ஒரு பெயர்

ஹந்தானை மலையில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும், ஓய்வுபெற்ற அதிகாரி ஸ்ரீஸ்கந்தராசாவிடம்தான் வருவார்கள். அன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து புஷ்பராணி வந்திருந்தாள்.

"ஐயா, பிரதேச சபைக்கு ஒரு முறைப்பாடு எழுதணும். மேல வீடு கட்ட மலைய வெட்டி, மண்ண ஓடையில கொட்டிட்டாங்க. ரெண்டு கிழமையா நாங்க குடிக்கத் தண்ணி புடிக்கிற பீலியில சேறாத்தான் வருது. புள்ளைங்களுக்கு வயித்தால போகுது."

கதிரையில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"கொட்டினது ஆரெண்டு தெரியாதுதானே? பேர் போடாமல் விடுவம்" என்றார், நிமிராமல்.

"தெரியும் ஐயா. லொறிக்காரரே சொல்லிட்டாரு."

அவர் பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"வேற யாருகிட்டயாவது போய், மண்ணு கொட்டினவருன்னு ஒங்க பேர எழுதச் சொல்ல மனசு வரல" என்றாள் புஷ்பராணி மெதுவாக. "என் மகன் காச்சல்ல கெடந்தப்ப ஒங்க வாகனத்துலதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அதான் நேரா ஒங்ககிட்டயே வந்தோம்."

ஸ்ரீஸ்கந்தராசா தன் பெயரை முழுதாக எழுதினார். ஓடைக்கு மேலே தான் கட்டிக்கொண்டிருக்கும் புதுவீட்டின் முகவரியையும் அதன்கீழே எழுதினார்.

"நாளைக்கே மண்ணை அள்ளுவிக்கிறன், பிள்ளை. ஆனால் இதைக் கட்டாயம் குடுங்கோ."

கடிதத்தை நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.