அண்ணனுக்கு மட்டும்

"டீ போடவாப்பா?"

"வேணாம்."

"தலகாணியைச் சரி பண்ணவா?"

"விடு."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை உதறிவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறவளுக்கு நாள் முழுக்க ஒற்றைச் சொல்தான். வெளிநாட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் மட்டும் மனுஷன் மழையாய்க் கொட்டுவார்.

போன் அடித்தது.

"சொல்லுடா ராஜா! எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உன் தங்கச்சிதான் சும்மா பயந்து சாகுறா. லீவு கீவு போட்டுட்டு ஓடி வந்துடாதே, வேலையைப் பாரு!" என்று சிரித்த அப்பா, போனை அவளிடம் நீட்டினார்.

"கணீர்னு பேசுறாரு! டாக்டர் கையை விரிச்சுட்டார்னு ஏன் புளுகுன? நான் வரலை" என்று அண்ணன் வைத்துவிட்டான்.

ஆத்திரத்தோடு திரும்பியவள் பதறிப்போனாள். உதடு நீலம் பாரித்து, அப்பா காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவசரமாக ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து மாட்டினாள். வெகு நேரம் கழித்துத்தான் இரைப்பு அடங்கியது.

"இதுக்காகத்தான் நாள் பூரா என்கிட்ட பேசாம மூச்சை மிச்சம் பிடிச்சியாப்பா?"

"ம்."

"எனக்கும் ரெண்டு வார்த்தை மிச்சம் வையேன்ப்பா."

அப்பா வாயைத் திறந்தார். மாஸ்க்கில் ஆவி மட்டும் படிந்தது.