சலித்த மண்

தைலமரத் தோப்பில், ஒரு தடித்த வேரின் ஓரத்தில், முடி கனத்துக்கு ஒரு சின்ன வேர் முளைத்தது. முளைத்த இடத்தில் வெட்டுத் தழும்பு இருந்தது.

"அண்ணே, இது என்ன தழும்பு?"

"எல்லாரும் அப்படித்தான் முளைக்கிறோம். நீ தண்ணி அனுப்பு" என்றது தடித்த வேர்.

பக்கத்தில் ஒரு நைலான் வலைப்பை புதைந்திருந்தது. உள்ளே மண் பொலபொலவென்று இருந்தது.

"வா தம்பி. இங்கே போட்டிக்கு ஆளே இல்லை" என்றது பை.

சின்ன வேர் வலைக்கண் வழியே நுழைந்தது. ஈரம் தாராளமாக இருந்தது. ஆனால் ஒரு செத்த வேர்கூட இல்லாத மண்ணை அது பார்த்ததில்லை.

"ஏன் இப்படிக் காலியாக இருக்கிறது?"

"சலித்துப் போட்டிருக்கிறார்கள். வேர்கள் நீங்கள் எவ்வளவு வளர்வீர்கள் என்று அளந்து பார்க்கிறவர்கள்."

வலையின் ஓரத்தில் காய்ந்த வேர்த் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. சின்ன வேர் அதைத் தொட்டது. தன் மரத்தின் வாசனை அடித்தது. உடனே வெளியேறப் பார்த்தது. வேருக்கு வளரத்தான் தெரியும், திரும்பத் தெரியாது.

"அண்ணே, எனக்கு முன்னால் நம்ம ஆள் யாரோ இங்கே வந்திருக்கிறார்கள்."

"தண்ணி நன்றாக வருகிறது. நிறுத்தாதே."

பையைச் சுற்றிக் கத்தி இறங்கியது. அறுபட்ட சின்ன வேரோடு பை குழியை விட்டுப் போனது. மேலே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பிறகு, கழுவிய அதே பை, புதிதாய்ச் சலித்த மண்ணோடு அதே குழிக்குத் திரும்பி வந்தது.

மழை பெய்தது. வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு புது வேர்முனை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இது என்ன தழும்பு?"

தடித்த வேருக்கு ரொம்பத் தாகமாக இருந்தது.